நரம்பே இல்லாத பல் எப்படி வலிக்கும்?

இந்தக் கடிதத்தை எழுதிய வாசகி 45 வயதுப் பெண். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. நான்கு மாதங்களுக்கு முன்பு, மேல் வரிசையில் வலது பக்க முதல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டார். இரண்டு தடவை போய் சிகிச்சை முடிந்து, அடுத்த இரண்டு வாரத்தில் கேப்பும் போட்டாயிற்று. இரவில் தூங்கவிடாமல் விண் விண்ணென்று தெறித்த பழைய வலி போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் மென்றால் உள்ளே அழுத்துவதுபோல மந்தமான வலி. சூடாக எதையாவது குடித்தால் சில வினாடிகள் கழித்துக் கிளம்பி ஐந்து நிமிடம் நிற்கும் குடைச்சல். காலையில் எழுந்திருக்கும்போது வலது தாடையும் நெற்றிப்பொட்டும் கனம். அப்புறம், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரே ஒரு வரி: “கேப் போட்டதிலிருந்து அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு கீழ்ப்பல்லில் போய் இடிக்கிறது. பழகிவிடும் என்றார்கள்.”

சிகிச்சை செய்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நரம்பையே எடுத்தாயிற்று. நரம்பே இல்லாத பல் எப்படிம்மா வலிக்கும்?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னொரு மருத்துவர், பிடுங்கிவிட்டு இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வீட்டில், “எல்லாம் உன் மனசுதான்” என்கிறார்கள். உறவினர் ஒருவர் அனுப்பிய வீடியோ, ரூட் கெனால் செய்த பல்லால் புற்றுநோய் வரும் என்கிறது. வாசகி இப்போது தினமும் இரண்டு இபுபுரூஃபன் மாத்திரை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. அவர் கேட்பது: “பல்லை எடுத்துவிடலாமா? இது யாருடைய தவறு? அல்லது எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா?”

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர்கள் குறைவு. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, பதிலில் பாதி அதிலேயே இருப்பது தெரிந்தது. நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

“நரம்பே இல்லாத பல் எப்படி வலிக்கும்?” என்ற அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன், பல் மருத்துவத் தொழிலுக்கு வந்த புதிதில். நான் அப்படிச் சொல்லி அனுப்பியவரின் பல்லில், நான் பார்க்காமல் விட்ட வேர்க்குழாய் (வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய்) ஒன்று இருந்தது. வேறொரு மருத்துவர்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். ரூட் கெனாலில் எடுப்பது பல்லுக்கு உள்ளே இருக்கும் கூழ் போன்ற திசுவையும் அதில் ஓடும் நரம்பையும். பல்லுக்கு வெளியே, வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில், கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்துவைத்திருப்பது அதுதான். அதற்குத் தனியாக நரம்புகள் உண்டு. பற்களுக்கு இடையே ஒரு தலைமுடி மாட்டினால்கூட உடனே தெரிகிறதே, அந்த உணர்வில் பெரும்பங்கு இந்தப் படலத்துடையது. ரூட் கெனால் செய்த பல்லிலும் அது அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆகவே கடித்தால் வலிப்பது நடக்கக்கூடியதுதான். “நரம்பை எடுத்துவிட்டோம்” என்பது பாதி உண்மை.

எத்தனை நாள் வலித்தால் சரி?

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் வலி சகஜம். வேரின் நுனி வரை கருவியை விட்டுச் சுத்தம் செய்கிறோம், கிருமியைக் கொல்லும் திரவத்தால் கழுவுகிறோம். நுனிக்கு அப்பால் இருக்கும் திசு கொஞ்சம் சீண்டப்படத்தான் செய்யும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். கடிக்கும்போது மட்டும் லேசாகத் தெரிவது சிலருக்கு இன்னும் ஓரிரு வாரம் நீளலாம். இதில் பார்க்க வேண்டியது வலி எந்தத் திசையில் போகிறது என்பதை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தால் பொறுக்கலாம். ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ காரணம் தேட வேண்டும்.

உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. “ஆறிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள்” என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு சின்னத் திருத்தம்: வேர் நுனியில் எலும்பு கரைந்து எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும் நிழல் மறைய மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகும். ஐரோப்பிய வேர்சிகிச்சை மருத்துவர்களின் வழிகாட்டுதல்கூட, ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும், நிழல் முழுதாக மறையாவிட்டால் நான்கு வருடம் வரை கவனிக்கவும் சொல்கிறது. எலும்பு ஆற எடுக்கும் காலம் அது. அவ்வளவு நாளும் வலித்துக்கொண்டிருக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது.

உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று துப்புகள்

நம் பேச்சில் வலிக்கு எத்தனை சொற்கள் பாருங்கள். தெறிப்பு, குடைச்சல், குத்தல், கடுப்பு, கூச்சம், எரிச்சல், சுரீர். நோயாளி எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன், எக்ஸ்ரே அதற்கு அப்புறம்தான். நீங்கள் மூன்று வலிகளுக்கு மூன்று வேறு சொற்களைப் போட்டிருக்கிறீர்கள். மென்றால் அழுத்தம். சூட்டுக்குக் குடைச்சல். காலையில் கனம். மூன்றும் ஒரே பல்லின் வலி என்று எடுத்துக்கொண்டது உங்கள் மருத்துவர்கள் மட்டுமல்ல, நீங்களும்தான். எனக்கு அது இரண்டு அல்லது மூன்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருப்பதுபோலத் தெரிகிறது.

மூன்றாம் பக்கத்து வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பல் முந்திக்கொண்டு இடிக்கிறது என்கிறீர்கள். கேப் ஒரு இழை உயரமாக இருந்தால் போதும், வாயை மூடும் ஒவ்வொரு முறையும் தாடையின் விசை முதலில் அந்தப் பல்லில்தான் இறங்கும். அதைத் தாங்கும் நார்ப்படலம் புண்பட்டுப்போகும். வாய் மரத்திருக்கும்போது கேப்பைப் பொருத்தினால் நோயாளிக்கு எப்படிக் கடிக்கிறோம் என்றே சரியாகத் தெரியாது, “இப்போ சரியா இருக்கா?” என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மை தடவிய மெல்லிய நீலக் காகிதத்தைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வோம். எல்லாப் பற்களிலும் லேசான பொட்டுகள் விழ வேண்டும். ஒரு கேப்பில் மட்டும் அழுத்தமாக, நடுவில் வெள்ளையும் சுற்றிலும் நீலமுமாக வளையம் விழுந்தால், அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும். நேராகக் கடிக்கும்போது மட்டுமல்ல, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தியும் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. வலிக்கு இதுதான் காரணம் என்றால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். பழகிவிடும் என்று விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது சூடு. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். நார்ப்படலத்துக்கு அழுத்தம் தெரியும், சூடும் குளிர்ச்சியும் தெரியாது. முழுமையாகச் சுத்தம் செய்து அடைத்த பல் சூட்டுக்குக் குடையக் கூடாது. அப்படிக் குடைந்தால் இரண்டு சாத்தியங்கள்.

ஒன்று, அந்தப் பல்லிலேயே சுத்தம் செய்யப்படாத வேர்க்குழாய் ஒன்று பாக்கி இருக்கலாம். மேல் முதல் கடைவாய்ப்பல் இதற்குப் பேர்போனது. அதற்கு மூன்று வேர்கள். மூன்று வேருக்கு மூன்று குழாய் என்று கணக்குப் போட்டால் பல நேரம் தப்பாகிவிடும். கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு குழாய்கள் இருக்கின்றன, ஆக மொத்தம் நான்கு. அந்த இரண்டாவது குழாயின் வாய் ஊசிமுனை அளவுதான். அதன்மேல் பல்லின் உட்பொருளே ஒரு திண்ணைபோல வளர்ந்து மூடியிருக்கும். மைக்ரோஸ்கோப் வைத்துக்கொண்டு, அந்தத் திண்ணையைத் துளித்துளியாகச் சுரண்டினால்தான் பல நேரம் கண்ணில் படும். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. இரண்டு குச்சிகளை ஒன்றின் பின்னால் ஒன்றாக நிறுத்தி நேர் எதிரே விளக்கடித்தால் சுவரில் ஒரே நிழல்தானே விழும்? உங்கள் எக்ஸ்ரேயில் “எல்லாம் சரியாக” இருப்பது இப்படியும் இருக்கலாம். கோணத்தை மாற்றி இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் நிழல்கள் கொஞ்சம் பிரியும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் இன்னும் தெளிவு. பல் மருத்துவத்தில் அதை சிபிசிடி என்போம். அந்தப் பகுதியை மட்டும் சின்னதாக எடுத்தால் போதும், முகம் முழுக்கத் தேவையில்லை. கேப்பும் அடைத்த பொருளும் படத்தில் கொஞ்சம் சிதறலை உண்டாக்கும், ஆகவே ஸ்கேனும் கடைசித் தீர்ப்பாகிவிடாது.

இரண்டு, குடைவது பக்கத்துப் பல்லாக இருக்கலாம். பல்லின் உள்நரம்புக்கு வலி என்று கத்தத் தெரியும், எங்கிருந்து என்று முகவரி சொல்லத் தெரியாது. வலப்பக்கத்து வலி இடப்பக்கம் தாவுவதில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் மேல் பல்லா கீழ்ப் பல்லா, முன்னதா பின்னதா என்பதில் நோயாளி ஏமாறுவது தினம் பார்க்கிற கதை. ஏற்கெனவே சிகிச்சை செய்து பெயர் கெட்ட பல் ஒன்று பக்கத்தில் இருந்தால், பழி அதன்மேல்தான் விழும். குளிர் ஸ்பிரேயைப் பஞ்சில் அடித்து மேலும் கீழும் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். சூட்டையும் ரப்பர் விரிப்பால் ஒவ்வொரு பல்லாகத் தனிமைப்படுத்திச் சோதிக்கலாம். வீட்டில் நீங்களே கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பார்க்காதீர்கள், வாய்தான் வெந்துபோகும்.

மூன்றாவது, காலையில் வரும் கனம். இது பல்லைவிடத் தசையைத்தான் காட்டுகிறது. இப்போதே செய்து பாருங்கள். வலது கன்னத்தில், காதுக்கு இரண்டு விரல் முன்னால் விரல்களை வைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். கல்போல ஒன்று புடைக்கும். அதுதான் மெல்லும் தசை. இப்போது தாடையைத் தளரவிட்டு அதே இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, மெதுவாகக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். ஏதாவது ஒரு புள்ளியில், “ஆ, இதே வலிதான், பல்லில் வருவதும் இதேதான்” என்று தோன்றுகிறதா? தோன்றினால், உங்கள் பல்வலியில் ஒரு பங்கு அந்தத் தசையிலிருந்து வருகிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், பகலில் கவலையோ கவனமோ மிகும்போது தாடையை இறுக்கிக்கொள்பவர்களுக்கும் இது வரும். உயரமான கேப்பும் நான்கு மாத வலியும் சேர்ந்தால், நாவைக் கொண்டுபோய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்ப்பதும் கடித்துப் பார்ப்பதும் தன்னையறியாமல் நடக்கும். சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. பலருக்கு இது புதுச் செய்தி. ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், எத்தனை தடவை இறுக்குகிறீர்கள் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்களையும் கேட்கிறேன். கடிக்கும்போது வலிக்கிறதா, கடித்ததை விடும்போது சுரீரென்கிறதா? விடும்போது என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அளவு குறித்த மெல்லிய கம்பியை விட்டுச் சுற்றிவரும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக ஆழத்துக்கு இறங்கினால் சந்தேகம் வலுக்கும். அப்புறம், சளி பிடித்தால் வலி கூடுகிறதா, குனிந்தால் கன்னம் கனக்கிறதா? மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு மேலேதான் சைனஸ் அறை இருக்கிறது. அங்கே அழற்சி இருந்தால் பல்வலிபோலவே தெரியும். பாக்கி இருக்கும் பல் தொற்றே சைனஸைக் கெடுப்பதும் உண்டு.

பல்லே காரணம் இல்லாத வலி

பல்லில் எந்தக் கோளாறும் இல்லாமல் வலி தொடர்வதும் நடக்கிறது. ரூட் கெனால் முடிந்து ஆறு மாதம் கழித்தும் ஏதோ ஒரு வலி சொல்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்குக் காரணம் பல்லுக்கு வெளியே, தசையிலோ நரம்பின் செயல்பாட்டிலோ இருக்கிறது. வலியைக் கடத்தும் நரம்பே பழுதாகி, காயம் ஆறிய பிறகும் மணி அடித்துக்கொண்டே இருப்பதுபோல. அந்த வகை வலி பெரும்பாலும் ஓயாமல் இருக்கும், எரிச்சலாகவோ கடுப்பாகவோ தெரியும், மென்றாலும் மெல்லாவிட்டாலும் ஒரேபோல இருக்கும். முகம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது மின்சாரம் தாக்கியதுபோல சில வினாடிகள் மட்டும் வெட்டினால் அது முக நரம்பு வலி, அதற்கு வைத்தியமே வேறு.

பிரித்தறிய ஒரு பழைய, நல்ல உத்தி இருக்கிறது. வலி இருக்கும் நேரத்தில் அந்தப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். அந்த இடம் நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், வலி பிறக்கும் இடம் அந்தப் பல் இல்லை. இந்த ஒரு சோதனையால் தேவையில்லாத எத்தனையோ பற்கள் பிழைத்திருக்கின்றன. நரம்புக் கோளாறு என்று தெரிந்தால் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் தருவார்கள். “இது மனநோய் மாத்திரையாமே” என்று யாராவது பயமுறுத்துவார்கள். அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்குத் தருவது உண்மைதான். நரம்பு வலிக்கு அதைவிடக் குறைந்த அளவில், வலிக்காகவே தருகிறார்கள்.

உங்கள் வலி மென்றால் கூடுகிறது, சூட்டால் கிளம்புகிறது. அதனால் இந்தப் பட்டியலில் நரம்புக் கோளாறைக் கடைசியில்தான் வைப்பேன். வீட்டில் சொல்லும் “மனசு” அந்தப் பட்டியலிலேயே இல்லை. மனக்கவலை வலியைக் கூட்டும், தாடையை இறுக்கும். வெறும் மனசால் சூடு பட்ட சில வினாடி கழித்து வலியைத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நிறுத்த முடியாது.

பிடுங்கிவிடலாமா?

இப்போது வேண்டாம். அந்த மருத்துவர் சொன்னதில் தீய எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எந்தப் பல், என்ன காரணம் என்று நிரூபிக்காமல் எடுக்கும் பல்லோடு வலி போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. குடைவது பக்கத்துப் பல் என்றால், பல் போய் வலி மிஞ்சும். தசை என்றாலும் அதே கதைதான். நரம்புக் கோளாறாக இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு அறுவையும் அதைக் கிளறிவிடக்கூடும். ஒன்று போய் இரண்டு போய், வலி மட்டும் அடுத்த பல்லுக்குக் குடிபோன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் தெரிந்த பிறகு வழிகள் பல. உயரமான கேப் என்றால் தேய்ப்பது. தசை என்றால் பயிற்சி, இரவில் போட்டுக்கொள்ளும் பல்உறை, ஒத்தடம். விட்டுப்போன குழாய் என்றால் மறு ரூட் கெனால். கேப்பில் துளை போட்டோ அதைக் கழற்றியோ உள்ளே போய், பழைய அடைப்பை எடுத்து, நான்காவது குழாயைத் தேடிச் சுத்தம் செய்வார்கள். முதல்முறை சிகிச்சையைவிட இதன் வெற்றி கொஞ்சம் குறைவு. ஆனாலும் பத்தில் ஏழெட்டுப் பற்கள் தேறிவிடும். கேப் உடையலாம், வேரில் துளை விழலாம், உள்ளே போன பிறகு விரிசல் கண்ணில் பட்டு எல்லாம் வீணாகலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரிடம் போங்கள். மேலிருந்து போக முடியாவிட்டால், ஈறை விலக்கி வேரின் நுனியை மட்டும் வெட்டி அடியிலிருந்து அடைக்கும் சிறு அறுவை உண்டு. வேர் வரை பிளந்த விரிசல் என்றால் மட்டும் நானே எடுத்துவிடச் சொல்வேன். அதில் போராடிப் பயனில்லை. இம்பிளான்ட் நல்ல சாதனம்தான். பல்லே இல்லாத இடத்துக்கு.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

ரத்த அழுத்தம் இருக்கும் ஒருவர் நான்கு மாதமாக தினமும் இபுபுரூஃபன் போடுவது எனக்குக் கவலை தருகிறது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சில ரத்த அழுத்த மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிகிச்சை முடிந்த இரண்டு மூன்று நாளுக்கு அருமையான மருந்து. மாதக்கணக்கில் கூடாது. உங்கள் பொது மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லி, ரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்துக்கு பாராசிட்டமால் போதுமா என்று அவரைக் கேளுங்கள். அதற்கும் வரம்பு உண்டு, பெரியவர்களுக்கு எல்லா மாத்திரைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இன்னொன்று, மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே போனால் தலைவலி உள்ள சிலருக்கு அந்த மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும். உங்கள் காலை நேரக் கனத்தில் அதற்கும் பங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்கை மூன்றாவது முறை யாராவது எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். அது வலி மாத்திரை கிடையாது. வேர்க்குழாய்க்குள் செத்துப்போன திசுவுக்கு ரத்த ஓட்டமே இல்லை. விழுங்கிய மருந்து ரத்தத்தில்தானே போக வேண்டும், உள்ளே எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பல்லுக்கு நேரடி சிகிச்சை செய்ய முடிகிறபோது, சாதாரண எதிர்ப்புச் சக்தி உள்ள பெரியவர்களின் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பரவினாலோ கதை வேறு.

புற்றுநோய் வீடியோவுக்கு ஒரே பத்தி போதும். 1920களில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ரூட் கெனால் செய்த பற்களிலிருந்து உடம்பெல்லாம் நோய் பரவுகிறது என்று வாதிட்டார். அதை நம்பி அந்தக் காலத்தில் கூடைகூடையாகப் பல்லைப் பிடுங்கினார்கள். பிற்பாடு முறையாகச் சோதித்தவர்களால் அவர் முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை. வீடியோ புதுசு, சரக்கு நூறு வருடப் பழசு.

யாருடைய தவறு?

நான்காவது குழாய் விட்டுப்போயிருந்தால், அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கைதேர்ந்தவர்களும் விட்டிருக்கிறார்கள். சிகிச்சை தோற்பதும் சிகிச்சை தவறாகச் செய்யப்படுவதும் வேறு வேறு. ஆனால் நோயாளி நான்கு மாதமாக வலி என்று சொல்லியும் நீலக் காகிதத்தை ஒருமுறைகூட வைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அது குறைதான். சிரமமான பல் என்று தோன்றினால் வேர்சிகிச்சை நிபுணரிடம் அனுப்பியிருக்கலாம்.

கோபத்தோடு போவதைவிடக் காகிதங்களோடு போவது பலன் தரும். சிகிச்சைக்கு முன்பு, நடுவில், முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேக்களின் நகலையும் சிகிச்சைக் குறிப்பையும் கேளுங்கள். எத்தனை குழாய்கள் அடைக்கப்பட்டன, கருவி ஏதாவது உள்ளே முறிந்ததா, அடைத்த பொருள் வேர் நுனியைத் தாண்டியதா என்று நேராகக் கேளுங்கள். இவை உங்கள் உடம்பைப் பற்றிய தகவல்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறிந்த கருவித் துண்டு இருந்தாலும் பதறாதீர்கள், பல நேரம் அது உள்ளேயே தொந்தரவில்லாமல் இருந்துவிடும். சொல்லாமல் மறைப்பதுதான் பிரச்சினை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. புகார் கொடுப்பதா என்பதை, காரணம் உறுதியான பிறகு இதே காகிதங்களை வைத்து முடிவு செய்யலாம்.

போவதற்கு முன் ஏழு நாள் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்: எப்போது வந்தது, எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தச் சொல்லால் சொல்வீர்கள், மாத்திரை போட்டீர்களா. போகும் அன்று, பொறுக்க முடிந்தால், காலையிலிருந்து வலி மாத்திரை போடாமல் போங்கள். வலியை மறைத்துவிட்டு வந்து வலியைக் காட்ட முடியாது.

இந்தக் குறிப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. முகத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம் வேகமாக ஏறுவது, கண் மூடும் அளவுக்கு வீங்குவது, விழுங்கவோ மூச்சு விடவோ வாயைத் திறக்கவோ சிரமம், வீக்கத்தோடு காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நடந்தாலோ படியேறினாலோ மட்டும் தாடையில் வலி வந்து, நின்றால் அடங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும், பல்லை இல்லை. ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைந்தால் அவசரம் இல்லை, ஆனால் கிள்ளிவிடாமல் அப்படியே காட்டுங்கள். அதன் துளைக்குள் ரப்பர்போன்ற மெல்லிய குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்று குச்சியே காட்டிக்கொடுத்துவிடும்.

நிபுணரிடம் போய் உட்கார்ந்ததும் மூன்றாம் பக்கத்து வரியை முதலில் சொல்லுங்கள். நீலக் காகிதம் முதலில், குளிர் சோதனையும் சூட்டுச் சோதனையும் அடுத்து, தசையை அழுத்திப் பார்ப்பது அப்புறம், ஸ்கேன் கடைசியில். கேப்பைத் தேய்த்த பிறகு மெல்லும் வலி போய் சூட்டுக் குடைச்சல் மட்டும் பாக்கி நின்றால், அதை வைத்தே அந்த நான்காவது குழாயைத் தேடச் சொல்லுங்கள்.